மூன்றாவது டிஸ்க்

"லேப்டாப்பைக் கையில வாங்கினதுமே ரிகவரி டிஸ்க் போட்டு வைங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டீங்களா?"

வேலை விஷயமாகப் போயிருந்த கணவனைப் போனில் வறுத்தெடுத்தாள் மனைவி. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவள்.

"அதான் இப்பப் போட்டுட்டு இருக்கேனே, தாயே! ரெண்டு டிஸ்க் முடிஞ்சிருச்சு."

"லேப்டாப் திடீர்னு படுத்துக்கிட்டா, மறுபடி எழுப்ப அந்த டிஸ்க்தான் கதி. அங்க பக்கத்துல கடை கிடை இருக்கா?"

"நல்லாக் கேட்ட போ!" வழக்கம்போல அவன் குரல் சற்றுத் தாமதித்தே வந்தது. "மூணாவதை வைக்கச் சொல்லுது... அடடா, கை நழுவிருச்சு!"

"உங்க கையில என்னதான் நிக்கும்? கீறல் விழுந்தா அவ்வளவுதான். குனிஞ்சு தேடுங்க. கட்டிலுக்கு அடியில பாருங்க."

மறுமுனையில் சிரிப்பு.

"இப்ப என்ன சிரிப்பு?"

"அது எங்க விழுந்துச்சு? என் மூக்குக்கு நேரா மிதந்துக்கிட்டு, மெதுவா சுத்திட்டிருக்கு."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் போய் இத்தனை மாதமாகியும் இது மட்டும் மனதில் பதியவே இல்லை.

"மாடிக்குப் போ. இப்ப உன் தலைக்கு மேலதான் வரேன்."

மகளை இழுத்துக்கொண்டு ஓடினாள். இருட்டத் தொடங்கிய வானத்தில், சத்தமே இல்லாமல், ஒரு வெளிச்சப் புள்ளியாக நகர்ந்துகொண்டிருந்தது விண்வெளி நிலையம்.

"அதுக்குள்ளயாம்மா அப்பா இருக்காரு?"

அவள் தலையாட்டினாள்.

"லைன்ல இருக்கியா?" என்றான் அவன்.

"ம்... டிஸ்க்கைப் பிடிச்சிட்டீங்களா?" என்றாள், புள்ளியை விட்டுக் கண்ணெடுக்காமல்.