கண்ட்ரோல் ரூம் காவல்

"ஏசி சர்வீஸுக்கு வந்துகீறேன் சார். கண்ட்ரோல் ரூம் எங்க?"

கஸ்தூரிரங்கன் நிமிர்ந்தார். வந்துவிட்டான்.

கோவளத்தை ஒட்டிய அந்தக் கண்ணாடிக் கட்டடத்தின் ஏசி, லிஃப்ட், கதவுப் பூட்டு எல்லாமே கண்ட்ரோல் ரூமின் ஒற்றைக் கம்ப்யூட்டருக்குள் அடக்கம். அதற்குக் காவல் இவர். அந்நியர் யாராவது உள்ளே நுழைய முடிகிறதா என்று பார்க்க, இந்த வாரம் ஹெட் ஆபீஸ் ஆள் ஒருவர் மாறுவேடத்தில் வருவாராம். நுழைந்துவிட்டால் இவருக்கு நாக்பூருக்கு மாற்றல். கூடுவாஞ்சேரிப் புது வீட்டில் பால் காய்ச்சி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பயத்தில் மனிதர் நேற்று கொரியர்காரனைக்கூட விரட்டியடித்தார்.

வந்தவன் பெயர் துரையாம். சட்டையில் பொட்டு கிரீஸ் இல்லை. மூன்றாவது மாடி ஏசி ஓடவில்லையென்று இவர்தானே போன் செய்தார் என்று வேறு கேட்டான். அதையும் விசாரித்துவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று கஸ்தூரிரங்கன் அசந்துபோனார்.

டீ ஃபிளாஸ்க்குடன் நின்ற பெண் அருகில் வந்தாள். வழக்கமாக வரும் பொன்னிக்குக் காய்ச்சல் என்று, இன்று அவளுக்குப் பதிலாக வந்தவள்.

"சார், இந்தாளு முழியே சரியில்ல. உள்ள வுட்றாதீங்க."

டீக்காரிக்கே தெரிகிறதே என்று அவருக்குத் தெம்பு வந்தது. துரையின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கேட்டுக்கு வெளியே தள்ளினால்தான் நிம்மதி. ஆனால் இவனுடைய கூட்டாளி எங்காவது ஒளிந்திருந்து, அதற்குள் உள்ளே நுழைந்துவிட்டால்? கஸ்தூரிரங்கனா ஏமாறுகிறவர்? தன் கார்டைத் தேய்த்துக் கண்ட்ரோல் ரூமைத் திறந்தார்.

"நீ உள்ளே உட்காரும்மா. நான் வர்ற வரைக்கும் யார் வந்தாலும் கதவைத் திறக்காதே."

கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்கும்படி துரை வழியெல்லாம் கெஞ்சினான். அவர் காதிலேயே வாங்கவில்லை. அவனைக் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டே திரும்பி வந்து கார்டைத் தேய்த்தார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி தேய்த்தார். மறுபடியும் சிவப்பு.

கதவைத் தட்டினார். "நான்தாம்மா. திற."

உள்ளேயிருந்து குரல் வந்தது. பேச்சே மாறியிருந்தது.

"ஹெட் ஆபீஸ் சங்கரி பேசறேன் சார். உங்க கார்டை இப்பத்தான் ரத்து பண்ணேன். கதவை எப்படித் திறக்கறது? யார் வந்தாலும் திறக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."