மூலையிலிருந்து எடுத்த படம்

“அடேயப்பா! இது ஹாலா, பந்து விளையாடற மைதானமாடா?”

போனில் அம்மாவின் குரல் பூரித்துப்போய் வந்தது. அன்று காலை மகன் அனுப்பிய படத்தில் ஹால் நீளமாக, வெளிச்சமாக, கோடியில் ஒரு ஜன்னலோடு பரந்து கிடந்தது.

“சுமாரான ஹால்தாம்மா” என்றான் அவன், அடக்கமாக. சொல்லிக்கொண்டே காலை நீட்டினான். கட்டை விரல் எதிர்ச் சுவரில் இடித்தது.

விற்பனைக்கு வரும் வீடுகளைப் படம் எடுத்துக் கொடுக்கும் கம்பெனியில்தான் அவனுக்கு வேலை. முதுகை மூலையில் ஒட்டவைத்துக்கொள்ள வேண்டும், கேமராவை நெஞ்சு உயரத்தில் சாயாமல் பிடிக்க வேண்டும், கண்ணில் படுகிற கதவையெல்லாம் திறந்து வைக்க வேண்டும். அவ்வளவுதான், கோழிக்கூடு கூடப் பங்களா ஆகிவிடும். எந்நேரமும் மூலையிலேயே நின்றதால் ஆபீஸில் அவனுக்கு ‘மூலை’ என்றே பெயர். வீட்டை விற்கிறவர்கள் தாங்களே செல்போனில் எடுத்துக்கொள்ள ஆரம்பித்ததும் கம்பெனி கையை விரித்துவிட்டது.

கம்பெனியின் லென்ஸை அவன் திருப்பிக் கொடுத்த பிறகு மிஞ்சியது சொந்த டிஜிட்டல் கேமரா ஒன்று, அதுவும் லென்ஸ் என்கிற மூஞ்சியில்லாமல். பழைய சாமான் கடையில் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்கு இடத்தை அகலமாகக் காட்டுகிற ஒரு வைட் ஆங்கிள் லென்ஸ் கிடைத்தது. அப்பா காலத்து ஃபிலிம் கேமராவுக்குச் செய்தது. நல்ல கனம், உள்ளே கண்ணாடியில் லேசாகப் பூஞ்சை வேறு.

இரண்டும் பொருந்த நடுவில் ஒரு வளையம் போட்டு மாட்டியதும், லென்ஸே இல்லை என்று கேமரா அடம்பிடித்தது. மெனுவுக்குள் போய், இல்லாவிட்டால் பரவாயில்லை, நீ எடு என்று அதைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. மற்றதெல்லாம் கைவேலைதான். வெளிச்சம் நுழையும் துளையை எட்டாம் எண்ணில் வைத்து, தூரத்தை ஒன்றரை மீட்டருக்குத் திருகிவிட்டால், முன்னால் கிடக்கும் செருப்பிலிருந்து ஜன்னல் வரைக்கும் எல்லாம் தெளிவு.

ஓரத்தில் இருப்பதையெல்லாம் அந்த லென்ஸ் இழுத்து நீட்டியது. மடித்து வைத்த மெத்தையைப் பார்த்துவிட்டு, “சோபா எப்படா வாங்கினே?” என்று அம்மா ஒரு தடவை கேட்டாள். ஜன்னல் வெளிச்சம் பூஞ்சையில் பட்டுக் கலங்கியதில் சுவரின் ஈரக்கறையும் காணாமல் போனது. இத்தனை வருஷத்தில் அவனுக்கு யாரும் இவ்வளவு ஒத்தாசை செய்ததில்லை.

பொய் சொல்ல அவனுக்கு ஆசை கிடையாது. வேலை போனது தெரிந்தால் அம்மா படுத்த படுக்கையாகிவிடுவாள், அப்பா பேச்சையே நிறுத்திவிடுவார். நல்லா இருக்கியா என்று கேட்கும்போதெல்லாம் ஒரு படத்தை அனுப்பினால், கொஞ்ச நாளைக்கு அவர்களுக்கு நிம்மதி, இவனுக்கும் தூக்கம்.

இனி படம் எடுக்க, வாடகைக்கு இருந்த அந்த ஒற்றை ரூம்கூட இல்லை. மருமகன் வருகிறார், மாசக் கடைசிக்குள் காலி பண்ணிவிடு என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். மூலைக்கு இருந்த ஒரே போக்கிடம் அப்பா கட்டிய வீடு. அவன் படித்த ரூமும் படுத்த கட்டிலும் அங்கே அப்படியே இருந்தன. மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, இன்றைக்கு உண்மையைச் சொல்லியே தீருவது என்றுதான் போனை எடுத்திருந்தான். அதற்கு முன்னால் பழக்க தோஷத்தில் ஒரு படத்தையும் அனுப்பித் தொலைத்திருந்தான்.

“பக்கத்துல ஒரு கதவு திறந்திருக்கே, அது ரெண்டாவது ரூமாடா?”

அது நடை. நாலு குடித்தனத்துக்கும் பொதுவான குளியலறைக்குப் போகிற வழி.

“ஆமாம்மா” என்று அவன் வாய் தானாகச் சொன்னது.

“அதுல யாரும் படுக்கிறதில்லையே?”

“யாரு படுக்கப் போறா? சும்மாதான் கிடக்கு.”

அந்தப் பக்கம் ஏதோ கனமான சாமானைத் தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது.

“அங்க என்னம்மா சத்தம்?”

“உங்கப்பாதான். அலமாரியை நகர்த்திட்டிருக்கார். முட்டி வலிக்குது, விடுங்கன்னா கேக்கிறாரா?”

இதற்கு மேல் தள்ளிப்போட்டால் தைரியம் போய்விடும் என்று அவனுக்குத் தெரிந்தது.

“அம்மா, நான் ஒண்ணு சொல்லணும். நீ கோவிச்சுக்கக் கூடாது.”

“நாங்களும் ஒண்ணு சொல்லணும். சரி, நீ முதல்ல சொல்லு.”

“நான்... அங்கேயே வந்துடலாம்னு இருக்கேன்மா. என்னோட பழைய ரூமுக்கே.”

சொல்லிவிட்டான். ஏன் என்று அவள் ஒரு வார்த்தை கேட்டால் போதும், மிச்சத்தையும் கொட்டிவிடுவான்.

அம்மா சிரித்துவிட்டாள். “கேட்டீங்களா, பையனுக்கு நம்ம ஞாபகம் வந்துடுச்சாம்! அவ்வளவு பெரிய வீட்டுல ஒண்டியா இருந்தா வேற எப்படிடா இருக்கும்? அதைத்தான் நாங்களும் யோசிச்சோம். இரு, அப்பா பேசணுமாம், வாய் துறுதுறுங்குது அவருக்கு.”

போனில் நாலு வார்த்தைக்கு மேல் பேசி அறியாத அப்பா, மூச்சு வாங்க, சின்னப் பையனைப்போல உற்சாகமாகச் சொன்னார்:

“அந்த ரெண்டாவது ரூமைப் பெருக்கி வைடா. இங்க வீட்டை வித்தாச்சு, நாளைக்கு வந்துடுறோம்.”