வடக்குச் சுவரோரத் தண்ணீர்

ஹாவிஸ் ஏணியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றாள். மேலே ஈய வேலைக்காரர் ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் தவித்தார்.

"அந்தக் கூரை வாய்க்காலைப் பிடுங்கி எறியச் சொல்லுங்க சாமி. தண்ணி எப்பவும் போல இங்கதான் விழணும்."

துறவி ஆஸ்பெர்ட்டுக்குக் கோபம் தலைக்கேறியது. மடத்துக் கோயிலின் பராமரிப்பு அவர் பொறுப்பு. வடக்குச் சுவர் ஊறி, உள்ளே இருந்த ஓவியங்களைப் பாசி தின்றுகொண்டிருந்தது. வருடக்கணக்கில் மடத்துத் தலைவர் காலைப் பிடித்து, இப்போதுதான் கூரை ஓரம் நெடுக ஈயத்தில் ஒரு வாய்க்கால் வாங்கியிருந்தார். இனி மழை சுவரோரம் சொட்டாது. மேற்கு மூலைக் குழாய் வழியாக ஓடைக்குப் போய்விடும்.

"இந்தப் பாதி எங்க பாட்டன்மார் கல்லு சுமந்து கட்டினது. கூரை எங்களுது. அதுல வழியிற தண்ணியும் எங்களுது," என்றாள்.

அது உண்மைதான். கிழக்குப் பாதி துறவிகளுடையது, மேற்குப் பாதி ஊராருடையது. நடுவில் ஒரு கல் தடுப்பு, அதன் இரு பக்கமும் தீராத சண்டை.

"ஒழுகினப்போ மட்டும் மடத்துக் கூரையா இருந்துச்சோ?" என்றார் ஆஸ்பெர்ட்.

அவள் பார்லி மது வடித்து விற்கிறவள். மழைத் தண்ணீரில் வடித்தால் மது தெளிவாக வருமாம். விஷயம் அதுதான் என்று அவருக்குப் பட்டது. கோயில் கூரையை வைத்து வியாபாரம்!

"மூலைக் குழாய்க்குக் கீழ உன் பீப்பாயை வெச்சுக்கோ, போ."

ஹாவிஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஏணியை விட்டாள்.

மாலையே மழை பிடித்துக்கொண்டது. குழாயடியில் வாளியோடு அவள்.

வெட்கமில்லாமல் வந்துவிட்டாளே என்று ஆஸ்பெர்ட் நனைந்துகொண்டே வெளியே வந்தார்.

வாளி நிரம்பியது. அவள் தெருப் பக்கம் போகவில்லை. வடக்குச் சுவரோரமாக நடந்து, மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே மண்டியிட்டாள். வெறும் புல். அதன் மேல் தண்ணீரை மெல்ல ஊற்றினாள்.

"புத்தி பிசகிடுச்சா உனக்கு?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"மூச்சில்லாமப் பொறந்துச்சு சாமி. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்துல இடமில்லன்னு விரட்டினீங்க. கோயில் கூரையைத் தொட்டு வர்ற தண்ணியாவது அது மேல படட்டும்னு இங்க பொதைச்சேன். அதையும் திருப்பிட்டீங்களே."

ஆஸ்பெர்ட் குழாய்ப் பக்கம் திரும்பினார்.

கொல்லன் மனைவி ஒரு பானையை நிரப்பிக்கொண்டிருந்தாள். அவள் பின்னால் மேய்ப்பனின் மகள், அவளுக்குப் பின்னால் நரைத்த தலைகள்.

நிரம்பிய பாத்திரங்களோடு அவர்கள் அவரைக் கடந்து நடந்தார்கள். சுவர் நெடுக, ஒருத்தியும் தடுமாறாமல், அவரவர் இடத்தில் போய் நின்றார்கள்.