இறகு சிக்கிய குகை

மூழ்கக் கற்று மூன்றே நாளான நீர்க்காகத்திடம் பெரிய களவா மீன் ஒன்று வந்தது.

"இங்கே ஏன் பொடிமீன் பொறுக்குகிறாய்? கீழே பள்ளத்தில் மீன் குவிந்து கிடக்கிறது, வா."

"குவிந்து கிடந்தால் நீயே தின்னலாமே. என்னை ஏன் கூப்பிடுகிறாய்?"

"உன் திறமையைப் பார்த்துத்தான்."

அந்தச் சொல் இனித்தது. சந்தேகம் தீராமலே நீர்க்காகம் அதன் பின்னால் மூழ்கியது. வெளிச்சம் மங்கியது. நெஞ்சு இறுகியது.

"இன்னும் கொஞ்சம்தான்," என்றது களவா. சற்றுப் போனதும் மறுபடியும் அதையே சொன்னது.

அடியில் ஒரு குகை. அதன் வாசலில் கறுப்பு இறகுகள் சிக்கியிருந்தன, நீர்க்காகத்தின் இறகுகளைப் போலவே.

நீர்க்காகம் சட்டென்று திரும்பியது. மூச்சு முட்ட மேலே வந்து, பாறையில் விழுந்து இருமியது.

"பயந்தாங்கொள்ளி!" என்று களவா தண்ணீருக்குள்ளிருந்து கத்தியது.

"ஆமாம்," என்றது நீர்க்காகம், பாறையோரம் எட்டிப் பிடித்த குட்டிச் சாளை மீனை விழுங்கிக்கொண்டே.