மடங்கும் வீடு

புயலில் கூடு விழுந்துவிட்டதால் அணில் தன் இரண்டு குட்டிகளோடு மழையில் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்த வௌவால், தன் சிறகைப் போலவே விரிந்து மடங்கும் ஒரு வீட்டைப் பனையோலையில் செய்துகொண்டு வந்தது. மடக்கினால் விசிறி அளவுதான். அதில் கோத்திருந்த நார்க்கயிற்றை இழுத்ததும் கூடாரமாக விரிந்தது. உள்ளே ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. குட்டிகள் உடனே தூங்கிவிட்டன.

சற்று நேரத்தில் வௌவால் ஒரு கொக்கை அழைத்து வந்தது.

“அணிலம்மா, கொஞ்சம் வெளியே வாங்க. இது மடங்குறதை ஐயா பார்க்கணுமாம்.”

அணில் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விவந்து மழையில் வைத்தது. வௌவால் வீட்டை மடக்கிக் காட்டியது.

“அடேங்கப்பா, அலகிலேயே தூக்கிட்டுப் போயிடலாம் போலிருக்கே!” என்றது கொக்கு.

அடுத்து மைனாக்கள் வந்தன. பிறகு மரங்கொத்தி குடும்பத்தோடு வந்தது. ஒவ்வொரு முறையும் குட்டிகள் நனைந்தன.

“அண்ணே, சின்னதுக்கு உடம்பு சுடுது. விரிச்சபடியே பார்த்தா ஆகாதா?”

“விரிஞ்சு நிக்கிற வீடு ஊரெல்லாம் இருக்கும்மா. இது மடங்கும். அதுதானே விசேஷம்?”

வௌவால் மயிலை அழைக்கப் போனது. அணில் நார்க்கயிற்றை இழுத்துக் கிளையில் இறுக்கி முடிச்சுப் போட்டது. மிச்ச நுனியைக் கடித்துத் துப்பிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.

மயில் வந்து சுற்றிப் பார்த்தது.

“மடங்குமா?”

“மடங்காது,” என்றது உள்ளேயிருந்து அணில்.

“அப்போ இதுல என்னதான் இருக்கு?”

“நாங்க இருக்கோம்.”

மயில் திரும்பிப் போனது. வௌவால், இன்னும் சிறிதாக மடங்கும் ஒன்றைச் செய்வதற்கு ஓலை தேடிப் பறந்தது.