காசு கிடையாது, கிரெடிட்டுதான்

"கிரெடிட்டா? நான் எதுக்குங்க உங்ககிட்ட கடன் வாங்கணும்?" என்று எகிறினார் துரைராசு.

மயிலாடுதுறை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பழைய வீடியோ கேம் வாங்கி விற்கிற கடை. கல்லாவில் மூஸா பாய். மேசை மேல், துரைராசு யூரியா சாக்கிலிருந்து கொட்டிய சாமான்கள். ஒரு கேம் பெட்டி, இரண்டு ரிமோட், மைக் வைத்த ஹெட்போன், ஒன்பது சிடி.

சின்ன மகன் சூர்யபிரகாஷ் காலாண்டுப் பரீட்சையில் கணக்குக்கு வாங்கியது பதினேழு. பையன் ஸ்கூலுக்குப் போன நேரமாகப் பார்த்து, எல்லாவற்றையும் வயரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார் மனுஷன்.

"கடன் இல்லீங்கண்ணே. இந்தச் சாமானோட மதிப்புக்கு ஒரு சீட்டு எழுதித் தருவேன். அந்தச் சீட்டுக்கு நம்ம கடையில எது வேணாலும் எடுத்துக்கலாம். அதான் கிரெடிட்டு."

"எங்க ஊரு சொசைட்டியில கிரெடிட்டுன்னா பயிர்க்கடன். சிட்டா குடு, அடங்கல் குடுன்னு உசுரை வாங்குவாங்க. நீங்க என்ன கேப்பீங்க?"

"பேரு மட்டும் சொல்லுங்க, போதும்."

பாய் ஒவ்வொரு சிடியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கீறல் என்றார். ரிமோட்டில் ஒரு பட்டன் அமுங்கவில்லை என்றார். கடைசியில் ஆறாயிரத்துக்குச் சீட்டு எழுதினார்.

"இருபத்தெட்டாயிரம் குடுத்து வாங்கினதுய்யா! சரி, தொலையுது. அதைக் காசாக் குடுங்க."

"காசு கிடையாதுண்ணே. கடைப் பழக்கம்."

"அப்ப இந்தக் கருமத்தைக் குடுத்துட்டு, இதே கருமத்துல இன்னொண்ணைத் தூக்கிட்டுப் போகணுமா? ஊரை அடிச்சு உலையில போடுறது இதானா?"

பாய் சிரித்தார். "சீட்டைத் தொலைச்சுடாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

வழியெல்லாம் பாயைத் திட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார் துரைராசு. சாயங்காலம் பையன் காலியான இடத்தைப் பார்த்துவிட்டு, கணக்குப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மனைவி சாவித்திரிதான் ஆடித் தீர்த்துவிட்டாள்.

"மூளை இருக்கா உங்களுக்கு? அபுதாபியில இருக்கிற பெரியவன் தம்பிகிட்ட அதுலதானே பேசுறான்! டூட்டி முடிஞ்சதும் ரெண்டு பேரும் அந்த ஹெட்போனை மாட்டிக்கிட்டு, விளையாடிக்கிட்டே ஒரு மணி நேரம் பேசுவானுங்க. நடுவுல நானும் வாங்கிப் பேசுவேன். சாப்பிட்டானா, கால் வீக்கம் வடிஞ்சுதா, எல்லாம் அதுலதான் எனக்குத் தெரியும்."

"ஏன், எனக்கு வாராவாரம் போன் பண்றானே?"

"எது? 'நல்லா இருக்கேன்ப்பா, வெச்சுடறேன்ப்பா', அதுவா? அதுக்கு மேல பேசினாதான் நீங்க திட்ட ஆரம்பிச்சுடுவீங்களே!"

கால் வீக்கம் என்பதே துரைராசுவுக்குப் புதுச் சேதி.

மூன்று நாள் வீம்பாக இருந்து பார்த்தார். நாலாம் நாள் சீட்டும் கையுமாகக் கடை வாசலில் நின்றார். வித்திருப்பானோ என்று அலமாரியெல்லாம் எட்டி எட்டிப் பார்த்தார்.

"பாய்... அந்தப் பெட்டி..."

மூஸா பாய் எழுந்துபோய்ப் பின்னாலிருந்த பீரோவைத் திறந்தார். உள்ளே வரிசையாகப் பையும் சாக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பேர் எழுதி ஒட்டியிருந்தது.

"இது வக்கீல் வீட்டுது, மூணாவது தடவை. இது ஒரு வாத்தியாரோடது. அனேகமா நாளைக்கு வந்துடுவாரு. அப்பாமாருங்க கோவத்துல கொண்டாறதை நான் ஒரு மாசத்துக்கு விக்கிறதில்லைண்ணே."

சீட்டை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு, யூரியா சாக்கை எடுத்து அவர் பக்கம் தள்ளினார். எல்லாம் போட்டது போட்டபடி இருந்தது. துரைராசுவுக்குக் கண் கலங்கிவிட்டது. வாய் மட்டும் அடங்கவில்லை.

"இவ்வளவு நல்ல மனுஷன், அன்னைக்குக் கேட்டப்பவே காசாக் குடுத்திருந்தா என்னவாம்?"

"குடுத்திருந்தா அன்னைக்கே நடவுக் கூலிக்குப் போயிருக்கும். இன்னைக்கு எதை வெச்சுண்ணே இதை மீட்டுக்கிட்டுப் போவீங்க?"