இடைவேளை விசில்

நம்பினால் நம்புங்கள், நீச்சல் குளத்து அறிவிப்புப் பலகையும் பக்கத்தில் தொங்கிய மிதவை வளையமும் அன்று பேசிக்கொண்டன.

எல்லாரையும் கரையேறச் சொல்லும் இடைவேளை விசிலை ஊதிவிட்டுக் குளத்துக் காவலாளி டீ குடிக்கப் போயிருந்தார். பெற்றோர்கள் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிஸ்கட்டும் கையுமாக ஒரு மூன்று வயதுக் குழந்தை தண்ணீரை நோக்கி நடந்தது.

"அண்ணே, குழந்தை போகுதே!" என்று பதறியது வளையம்.

"'பெரியவர்கள் கவனிக்கவும்'னு என் நெஞ்சிலேயே எழுதியிருக்கு தம்பி. இதுக்கு மேல நான் என்ன செய்ய? நீ போய்க் காப்பாத்தேன்."

"திருட்டுப் போயிடும்னு என்னைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்காங்க. சாவி காவலாளி பாக்கெட்டுல இருக்கு."

குழந்தையின் கால் விளிம்பை மிதித்தது. வேலியில் இருந்த மைனா, தினமும் கேட்டுப் பழகிய விசிலை அப்படியே ஊதியது. எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. அம்மா பாய்ந்து வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

காவலாளி டீயைச் சிந்திக்கொண்டு ஓடிவந்தார். "யாருய்யா என்னைக் கேக்காம ஊதினது?"

மறுநாள் பலகை நெஞ்சை நிமிர்த்தியது. "பாத்தியா தம்பி, குழந்தைகள் பாதுகாப்புக்காக என் மேல புதுசா ஒரு வரி எழுதியிருக்காங்க."

"என்னன்னு?"

"'பறவைகளுக்கு அனுமதி இல்லை.'"